ஏழாம் தேதியும் நாற்பத்தைந்தாம் நாளும்

அதியமான் நெடுமான் அஞ்சியை அவ்வையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் இரண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நாள் கடத்துவது பற்றியவை. நாள் எத்தனை தள்ளினாலும் அவன் பரிசில் வந்தே தீரும் என்று 101ஆம் பாட்டில் உறுதி சொல்கிறார். 206ஆம் பாட்டில் பொறுமை போய்விடுகிறது. வாயிற்காவலனிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு மூட்டை கட்டிக் கிளம்பிவிடுகிறார். கொடுப்பவன் நல்லவன் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. எப்போது கொடுப்பான் என்பது தெரியாததுதான் தொல்லை.

அந்த அதியமானின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை இன்று தருமபுரிக்குத் தெற்கே, பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் நெடுஞ்சாலை இங்கேதான் 44ஆம் எண் சாலையோடு சேர்கிறது. சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுத்துக்கொண்ட கிராமங்களில் இதுவும் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் இருபது, முப்பது பேரை வைத்து நடக்கும் ஒரு பட்டறையோ தையல் யூனிட்டோ ஜவ்வரிசி ஆலையோ, மாதா மாதம் யாருக்கு, எப்போது, எந்த வரிசையில் பணம் கொடுக்கிறது என்பதும், அதைக் கணினியிடம் ஒப்படைத்தால் என்ன மாறும், என்ன மாறாது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் தேதிகள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி முடிவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு வைத்த இந்தக் கெடுவை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லோருக்குமாக ஆக்கியது. வாரச் சம்பளம் என்றால் வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்குத் தீர்க்க இரண்டே வேலை நாள். பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டுவதற்குப் பதினைந்தாம் தேதி. மாதாந்தர ஜிஎஸ்டி கணக்குக்கு இருபதாம் தேதி. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியிருந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் போய்ச் சேர வேண்டும்.

இந்தத் தேதிகள் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டு அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி இணையதளம், தனிக் கடவுச்சொல். ஆனால் பணம் எடுக்கும் வங்கிக் கணக்கு ஒன்றுதான்.

வணிகத்துக்காகக் கணினி முதன்முதலில் வேலை செய்தது ஒரு தேநீர்க்கடை நிறுவனத்தில். லண்டனின் ஜே. லயன்ஸ் நிறுவனம் தனக்கென்று கட்டிக்கொண்ட லியோ என்ற இயந்திரம் 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. 1954இல் ஊழியர் சம்பளத்தை வழக்கமாகக் கணக்கிடும் பொறுப்பும் அதனிடம் வந்தது. தேர்ந்த எழுத்தர் ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் எடுத்தார். லியோ ஒன்றரை விநாடி எடுத்தது. பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் போட்ட நிறுவனத்துக்கு இது பெரிய லாபம். 24 பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு நிமிடம் வீதம் மொத்தம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். மாதத்தில் ஒரு காலைப்பொழுது. அதை மிச்சம் பிடிக்க மென்பொருள் வாங்கச் சொல்வது வீண் பேச்சு. சம்பள மென்பொருள் விற்பவர்கள் நேரம் மிச்சமாகும் என்பதையே முன்னிறுத்துகிறார்கள். சிறு தொழிலுக்கு அந்த வாதம் பொருந்தவில்லை என்பது என் கருத்து. பொருந்துகிற வாதம் வேறு.

அதைக் காட்ட ஓர் உதாரணக் கணக்கு. 24 தொழிலாளர்கள், ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 14,000 ரூபாய். பிஎஃப் சட்டம் 20 பேரிலும் ஈஎஸ்ஐ சட்டம் 10 பேரிலும் தொடங்குவதால் இரண்டுமே பொருந்தும். 15,000, 21,000 என்ற உச்சவரம்புகளுக்குள்ளும் இந்தச் சம்பளம் அடங்குகிறது. தொழிலாளியிடம் பிடிப்பது பிஎஃபுக்கு 12 சதவீதம், அதாவது 1,680, ஈஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், 105. கையில் போவது 12,215. முதலாளி தன் பங்காகப் போடுவது பிஎஃபில் 1,680, காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் தலா 70, ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதம் வீதம் 455. எல்லோருக்கும் கூட்டினால் மொத்தச் செலவு 3,90,600 ரூபாய். இதில் ஏழாம் தேதி தொழிலாளர் கணக்குக்குப் போவது 2,93,160. மீதி 97,440 ரூபாய், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பதினைந்தாம் தேதி சலானுக்காகக் கணக்கிலேயே காத்திருக்கிறது.

அந்த எட்டு நாள்தான் ஆபத்தான நாள்கள். சம்பளம் போட்டாயிற்று, ஆட்கள் திருப்தியாக இருக்கிறார்கள், கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிடக்கிறது. பத்தாம் தேதி கம்பிக்காரரோ நூல்காரரோ ஃபோன் செய்கிறார்: பாதியாவது போடுங்கள், இல்லையென்றால் அடுத்த லோடு வராது. முதலாளி போட்டுவிடுகிறார். வர வேண்டிய பாக்கி பதினான்காம் தேதிக்குள் வந்துவிடும் என்று நம்புகிறார். அது வருவதில்லை. பிஎஃபுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் அபராதமும் ஓடத் தொடங்குகின்றன. அந்த 97,440இல் 42,840 ரூபாய் தொழிலாளர் சம்பளத்திலிருந்து பிடித்த பணம், அவர்களுடையது. தொழிலாளியிடம் பிடித்ததை உரிய நாளுக்குள் கட்டாவிட்டால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாளி தன் பங்கைக் கட்டத் தாமதிப்பதும் தொழிலாளியின் பணத்தைக் கைவசம் வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. அந்தப் பிரிவினை சரி என்றே நினைக்கிறேன்.

தொழிலாளி பக்கமும் இந்தத் தேதிக்குப் பொருள் உண்டு. ஈஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்க, ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா பதிவாகியிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒரு வாரம் விடுபட்டுப்போனால், படுத்த படுக்கையாகும்போது அது தெரியவரும். அப்போது தெரிந்து என்ன பயன்?

சிறு தொழிலில் தானியங்கி முறையின் முதல் வேலை இங்கே இருக்கிறது. சம்பளப் பட்டியல் போட்ட அந்த நிமிடமே சலான் தொகையைத் தனிக் கணக்குக்கு நகர்த்திவிடுவது. இதற்குப் பெரிய மென்பொருள்கூட வேண்டாம். வங்கியில் ஒரு நிலையான உத்தரவு கொடுத்தால் போதும். முதலாளியின் நல்லெண்ணத்தையும் பத்தாம் தேதி அழைப்பையும் நேருக்கு நேர் மோதவிடாமல் இது காக்கிறது.

வங்கிப் பக்கம் வழி திறந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல். ஊதியத்தையும் தவணைகளையும் மொத்தமாக அனுப்பும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமையும் இயங்குகிறது. அதற்கு முன்பு சம்பள நாள் விடுமுறையில் விழுந்தால் பணம் ஒரு நாள் தள்ளிப்போகும். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வாங்கி அந்தப் பணத்தோடு சந்தைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் சாதாரணமல்ல. வாரச் சம்பளக்காரர்களை வங்கிக்கு மாற்ற முடியாது என்பதற்கு அப்போது சொன்ன காரணங்களில் பாதி இப்போது இல்லை.

கணக்குப் பக்கமோ பழைய இடத்திலேயே நிற்கிறது. தமிழ்நாட்டுச் சிறு தொழில்களில் கணக்கு என்றால் டாலி. அது பிறந்த கதை நம் பொருளுக்கு நெருக்கமானது. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்கைப் பார்க்க ஏற்ற மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்கா எழுதிக் கொடுத்தார். 1986இல் நிறுவனம் தொடங்கியது. சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் ஒருவரின் மேசையில் பிறந்த மென்பொருள் அது. இருந்தும் இன்று பல அலுவலகங்களில் டாலியில் வவுச்சர் போட்ட பிறகு, அதே பெயரையும் தொகையையும் கணக்கு எண்ணையும் கணக்காளர் நெட் பேங்கிங்கில் மறுபடி தட்டச்சு செய்கிறார். பின்பு பிஎஃப் தளத்தில் இன்னொரு தடவை, ஈஎஸ்ஐ தளத்தில் இன்னொரு தடவை. ஒரே எண் நான்கு இடத்தில் நான்கு முறை கையால் எழுதப்படுகிறது. தவறுகள் புகுவது இந்தத் தாண்டல்களில். தானியங்கி முறையின் இரண்டாவது வேலை இந்தத் தாண்டல்களை ஒழிப்பது: வருகைப் பதிவிலிருந்து சம்பளப் பட்டியல், பட்டியலிலிருந்து வங்கிக்கான மொத்தக் கோப்பு, அதே பட்டியலிலிருந்து பிஎஃபின் ஈசிஆர் கோப்பு.

பணம் அனுப்புவது சுலபமாகிவிட்டதால் போய்ச் சேர்வதும் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. தருமபுரி மாவட்டத்துக் கிராமங்கள் ஒரு பெரிய தானியங்கிச் சம்பள முறையை ஏற்கெனவே பார்த்துவிட்டன. 2005ஆம் ஆண்டு ஊரக வேலைச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலை அது. மஸ்டர் ரோலில் வருகை, கணினியில் பதிவு, மின்னணுக் கட்டண ஆணை, நேராக வங்கிக் கணக்கு. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாக மட்டுமே. மஸ்டர் ரோல் முடிந்த பதினாறாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு என்பது விதி. கணினி அந்த இழப்பீட்டைத் தானாகவே கணக்கிட்டது. ஆனால் எந்தத் தாமதத்தைக் கணக்கிட்டது? உள்ளூர் அதிகாரி கட்டண ஆணையில் கையெழுத்திடும் வரை ஆன தாமதத்தை மட்டும். அதன்பின் மேலிடத்திலிருந்து பணம் வர ஆன நாள்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறென்று சொன்னது. பெயரில் ஓர் எழுத்து மாறியதாலும், முடங்கிய கணக்காலும், ஆதார் வேறு வங்கியோடு இணைந்ததாலும் திரும்பிப்போன கூலி தனிக் கதை. வேலை செய்தவர் வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நடந்தார். கணினித் திரையில் மட்டும் பணம் அனுப்பியாயிற்று என்று இருந்தது.

சிறு நிறுவனம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. கோப்பை வங்கியில் ஏற்றிய நேரத்தைச் சம்பளம் கொடுத்த நேரமாக எழுதக் கூடாது. தொழிலாளி கணக்கில் வரவு வைத்ததைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்களின் பெயர் ஆதாரில் ஒருவிதமாகவும் பாஸ்புக்கில் வேறுவிதமாகவும் இருப்பது அன்றாடம் காண்பது. பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியை நெஃப்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருந்தது. புதிதாக ஆள் சேர்க்கும் அன்றே ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிடுவது அதைவிடப் பழைய வழி. இன்றும் நல்ல வழி.

இனி சப்ளையர்கள். சம்பளத்தில் விதி சிக்கலானது, ஆனால் நோக்கத்தில் சண்டை இல்லை. சப்ளையர் பணத்தில் விதி எளியது, நோக்கத்தில்தான் சண்டை. 45 நாளுக்கு மேல் போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகார் செய்ய 2017 அக்டோபரில் சமாதான் என்ற இணையதளமும் வந்தது. தொடர்ந்து வியாபாரம் செய்ய வேண்டிய வாடிக்கையாளர் மேல் யார் புகார் எழுதுவார்? அதனால்தான் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வேறு வழியில் போனது. குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஆனது. புகார் எழுதும் தைரியத்தை நம்பாமல் கடன்பட்டவரின் வரிக் கணக்கை நம்பிய ஏற்பாடு இது. வணிகர்களுக்கு இது பொருந்தாது. நடுத்தர நிறுவனங்களுக்கும் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு சப்ளையரும் உத்யம் சான்றிதழில் எந்த வகை என்பது கணக்கில் இருக்க வேண்டும். அந்தத் தகவல் இல்லாத மென்பொருள் யாருக்கு எந்தக் கெடு என்று சொல்ல முடியாது.

அதியமான்கோட்டைப் பக்கத்துத் தொழில்களுக்கு இன்னொரு நெருடல் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் தக்காளியும் மாங்காயும் விவசாயியிடமிருந்து வருகின்றன. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செலவாக ஏற்பதில்லை என்ற 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் விதி, விளைவித்தவரிடமே நேராக வாங்கும் விளைபொருளுக்கு விலக்குத் தந்தது. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் காசு கைமாறுவதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு என்று பொருள். கரும்புக்கு வேறு கணக்கு. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலை 14 நாளில் கொடுக்க வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. விதி இவ்வளவு கறாராக இருந்தும் கரும்பு நிலுவைக்காக விவசாயிகள் போராடாத ஆண்டு தமிழ்நாட்டில் அரிது. ஆலையின் கையில் பணம் இல்லாதபோது எந்த மென்பொருளும் பதினான்காம் நாளைக் காப்பாற்றாது.

சொல்ல வந்ததன் மையம் இதுதான். பணம் போதாதபோது யார் காத்திருப்பது என்பதை முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும். இப்போது அந்த முடிவு யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்கள் என்பதைப் பார்த்து எடுக்கப்படுகிறது. சத்தம் போடாதவர் காத்திருக்கிறார்: லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர், தினமும் டீ கொடுக்கும் கடைக்காரர், போன மாதம் வேலையை விட்டுப் போன பெண். தானியங்கி முறை அமைக்கும்போது வரிசையை முன்கூட்டியே எழுதியாக வேண்டும். எழுதும்போது முதலாளி அமைதியாக இருக்கிறார், ஃபோன் அடிக்கவில்லை. முதலில் சம்பளம், அடுத்துத் தொழிலாளியிடம் பிடித்த பணம், அடுத்துக் குறு நிறுவனங்கள், கடைசியில் காத்திருக்கும் திராணி உள்ள பெரிய சப்ளையர்கள் என்றுதான் நான் எழுதுவேன். வேறுவிதமாக எழுதுபவரும் ஏன் என்று தனக்கே பதில் சொல்லிக்கொள்ள நேரும்.

இதே நிறுவனம் இன்னொருவருக்குச் சப்ளையரும்கூட. அதன் பாக்கி வராததால்தான் இவ்வளவு இழுபறி. இதற்காக ரிசர்வ் வங்கி 2014இல் வகுத்த விதிகளின்படி 2017 முதல் ட்ரெட்ஸ் தளங்கள் இயங்குகின்றன. பெரிய நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்டால் வங்கிகள் ஏலத்தில் அதை வாங்கி உடனே பணம் தரும். ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பெரிய ஆலைக்கு நேராகச் சரக்கு கொடுப்பவருக்கு இது கைகொடுக்கும். அவருக்குச் சரக்கு கொடுக்கும் மூன்றாம் படிக்காரருக்கு இது இன்னும் எட்டவில்லை.

ஆபத்தும் சொல்லியாக வேண்டும். வங்கிகள் நிறுவனக் கணக்குகளுக்கு இரண்டு நிலை வைக்கின்றன: ஒருவர் கோப்பைத் தயாரிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். குடும்பத் தொழிலில் இரண்டு பயனர் பெயரும் கணக்காளரிடம் இருக்கும். இரண்டுக்குமான ஓடிபி வரும் சிம்மும் அவர் மேசைமேல் இருக்கும் ஃபோனில் இருக்கும். பிறகு இரண்டு நிலை எதற்கு? எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் என்று சப்ளையர் பெயரில் வரும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் மோசடி விழுவது இந்த ஓட்டையில்தான். கணக்கு எண் மாற்றம் என்றால் பழைய எண்ணுக்கு ஃபோன் செய்து குரலைக் கேட்ட பிறகே மாற்றுவது என்ற விதியை எந்த மென்பொருளாலும் ஈடுசெய்ய முடியாது.

கனடா அரசு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற சம்பள முறையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். முன்னோட்டச் சோதனையைக் கைவிட்டார்கள். சம்பளக் கணக்கு தெரிந்த நூற்றுக்கணக்கானோரின் பணியிடங்களை முன்கூட்டியே நீக்கினார்கள். பல்லாயிரம் ஊழியர்களுக்குக் குறைவாக, கூடுதலாக, அல்லது ஒன்றுமே வராமல் போனது. தலைமைத் தணிக்கையாளர் 2018இல் அதைப் புரிந்துகொள்ள முடியாத தோல்வி என்று பதிவு செய்தார். அளவில் நம் பட்டறைக்கும் அதற்கும் ஒப்பில்லை, தவறின் தன்மை ஒன்றே. யாருக்கு முன்பணம் கொடுத்தது, அதை மாதம் எவ்வளவு பிடிப்பது, எந்த ஓவர்டைம் வாய்ப்பேச்சில் முடிவானது என்பதெல்லாம் இங்கே ஒருவரின் நினைவில் இருக்கின்றன. மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தை ஒரே மாதத்தில் பிடித்தால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். பழைய நோட்டையும் புதிய மென்பொருளையும் மூன்று மாதமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, வித்தியாசம் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் கேட்பது தவிர வேறு வழி கிடையாது. நோட்டு எழுதியவரை அதற்கு முன் அனுப்பிவிடக் கூடாது. சம்பளச் சீட்டு தமிழில் இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தொழிலாளியாகத்தான் இருப்பார்.

சிப்காட்டில் பெரிய ஆலைகள் இயங்கும்போது சுற்றுவட்டாரத்துச் சிறு நிறுவனங்கள் அவற்றுக்கு ஒப்பந்த வேலை எடுக்கும். ஒப்பந்தக்காரர் பிஎஃப் கட்டத் தவறினால் பொறுப்பு முதன்மை முதலாளிமேல் விழும் என்பதால், போன மாத பிஎஃப், ஈஎஸ்ஐ சலான் நகலைப் பில்லோடு கேட்பது பெரிய ஆலைகளின் வழக்கம். நகல் இல்லாத பில் கணக்குப் பிரிவைத் தாண்டாது. 45 நாள் கடிகாரத்தைப் பற்றிப் பேசவும் வாய்ப்பிருக்காது. ஏழாம் தேதி 97,440 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தவர் பதினாறாம் தேதி காலை அந்த நகலோடு பில்லை நீட்டலாம்.